வானத்தில் எந்த நாணயம் செல்லும்?

ஒரு ராஜ்யத்தின் முத்திரை பெற்ற நாணயம் அந்த ராஜ்யத்தின் எல்லைக்குள் கேள்வியின்றிச் செல்லும். எல்லையைக் கடந்தவுடன் நாணயமாற்றுக்காரர் அதைச் சுண்டிப் பார்க்கிறார், உரைத்துப் பார்க்கிறார், நிறுத்துப் பார்க்கிறார். ஆகாய விமானியின் லைசென்ஸும் இத்தகைய நாணயமே ஆகும். அதில் விமானியின் பெயரோடு, அவருடைய திறமைக்கு ஜாமீன் நிற்கும் சர்க்காரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அயல் தேசம் அந்த லைசென்ஸை ஏற்க மறுக்கும்போது ஜாமீன்தாரரின் வாக்கையும் ஒருவாறு சந்தேகிக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இதை இன்று ஆராயக் காரணம் உண்டு. 2012-ஆம் வருஷத்தில் கிங்ஃபிஷர் கம்பெனி பறப்பதை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் அவ்வழியே சென்றன. கம்பெனி மூழ்கிய பின்னர் விமானியின் கையில் எஞ்சுபவை இரண்டே: ஒன்று அவருடைய லைசென்ஸ், மற்றொன்று பறந்த மணிகளைக் குறித்து வைத்த லாக் புத்தகம். குடும்ப நிலத்தை அடமானம் வைத்துப் பயிற்சி பெற்றவர்களும் அவர்களுள் உண்டு. அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு அயல் தேசங்களின் கதவைத் தட்டுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கதவு எவ்வாறு திறக்கிறது, எதற்குத் திறக்க மறுக்கிறது என்பதைச் சட்டத்தின் வாசகத்தைக் கொண்டே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சிக்காகோ உடன்படிக்கை

1944-ஆம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி சிக்காகோ நகரில் 52 தேசங்களின் பிரதிநிதிகள் சர்வதேச சிவில் விமான உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அன்னிய ஆட்சியின்கீழ் இருந்த இந்தியாவும் அவற்றுள் ஒன்று. இன்று அதில் 193 தேசங்கள் சேர்ந்துள்ளன. ஒவ்வொரு தேசத்துக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள ஆகாயத்தின்மீது பூரணமான, பிறருக்குப் பங்கில்லாத ஆதிபத்தியம் உண்டு என்று அதன் முதல் ஷரத்து கூறுகிறது.

லைசென்ஸைப் பற்றியவை 32-ஆம், 33-ஆம் ஷரத்துகள். சர்வதேசப் பிரயாணத்தில் ஈடுபடும் விமானத்தின் விமானி, அந்த விமானம் எந்தத் தேசத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளதோ அந்தத் தேசம் வழங்கிய அல்லது அங்கீகரித்த லைசென்ஸை உடையவராயிருத்தல் வேண்டும் என்பது முன்னது. அத்தகைய லைசென்ஸ் உடன்படிக்கையின் குறைந்தபட்சத் தரத்துக்குக் குறையாமலிருந்தால் மற்றத் தேசங்கள் அதைச் செல்லத்தக்கதாக ஏற்க வேண்டும் என்பது பின்னது.

இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் உண்மை விளங்கும். ஏர் இந்தியா 1960 முதல் நியூயார்க்குக்குப் பறந்து வந்திருக்கிறது. இந்தியாவில் பதிவான விமானத்தை இந்திய லைசென்ஸுடன் ஓட்டி நியூயார்க்கில் இறக்கும் கேப்டனை அமெரிக்க லைசென்ஸ் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. அதே கேப்டன், அதே ரக விமானம், அதே ஓடுபாதை. ஆனால் விமானம் அமெரிக்காவில் பதிவானதாயின் அவருடைய இந்திய லைசென்ஸ் மாத்திரம் அங்கே போதாது. மனிதரின் திறமை ஒரு மணி நேரத்தில் மாறிவிடவில்லை. மாறியது விமானத்தின் வாலில் எழுதிய பதிவுக் குறியே. சட்டம் இங்கே பார்ப்பது எந்தச் சர்க்கார் பொறுப்பாளி என்பதை.

எளிதிற் கிடைப்பதும் கிடைக்காததும்

அமெரிக்காவில் சமஷ்டி விமான நிர்வாகம் விமானிக்கு அளிக்கும் பத்திரத்துக்கு லைசென்ஸ் என்று பெயரில்லை. சர்ட்டிபிகேட் என்றே அந்நாட்டுச் சட்டம் அழைக்கிறது. விமானிகளின் சர்ட்டிபிகேட்டுகளைப் பற்றிய விதிகள் 61-ஆம் பகுதியில் அடங்கியுள்ளன. அதன் 75-ஆம் பிரிவின்படி, சிக்காகோ உடன்படிக்கையில் சேர்ந்த தேசமொன்றின் செல்லத்தக்க லைசென்ஸை வைத்திருப்பவர், அது ரத்து செய்யப்படாமலும் இங்கிலீஷ் அறிந்தவராயும் இருப்பின், பறக்கும் பரீட்சை ஏதுமின்றி ஒரு சர்ட்டிபிகேட்டைப் பெறலாம். தம் நாட்டு வைத்திய சர்ட்டிபிகேட்டையே காட்டலாம்.

இதைக் கேட்டு மகிழ்ச்சியடைவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். அவ்வாறு கிடைப்பது தனியார் விமானி சர்ட்டிபிகேட் மாத்திரமே. இருபதாயிரம் மணி பறந்த கேப்டனாயிருப்பினும், அதைக் கொண்டு அமெரிக்க விமானத்தில் நண்பர்களை ஏற்றிச் செல்லலாமேயன்றி ஒரு காசு கூலி பெற்றுப் பறக்க இயலாது. மேலும், அது தாய் லைசென்ஸின் நிழலாகும். தாய் லைசென்ஸ் போனால் நிழலும் போகும். இதைப் பெற்றுவிட்டு அமெரிக்க லைசென்ஸ் வாங்கிவிட்டோம் என்று எண்ணி ஏமாந்தோர் உண்டு. அவ்வாறு எண்ணச் செய்து பணம் பறிக்கும் தரகர்களும் உண்டு.

கூலிக்குப் பறக்கும் கமர்ஷியல் சர்ட்டிபிகேட்டை இவ்விதம் மாற்றித்தரும் வழி பொதுவிதியில் இல்லை. அயல்நாட்டில் பறந்த மணிகள் கணக்கிற் சேரும். எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் புதிதாகத் தேறியே ஆக வேண்டும். எனவே லைசென்ஸ் மாற்றம் என்று பொது ஜனங்கள் வழங்கும் சொல் இவ்விடத்திற் பொருந்தாது. மறுபரீட்சை என்பதே தகும்.

நேர் வழி ஒன்று

ஆயினும் சட்டத்தை முழுதும் வாசிப்பவருக்கு ஒரு நல்ல வழி தென்படும். விமானத் தொழிலின் உச்சிப் படி ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் சர்ட்டிபிகேட் என்பது. இதை அடைய முதலில் அமெரிக்கக் கமர்ஷியல் சர்ட்டிபிகேட் பெற்றிருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். 153-ஆம் பிரிவு அவ்வாறு வற்புறுத்தவில்லை. சிக்காகோ உடன்படிக்கையைச் சேர்ந்த தேசமொன்று வழங்கிய ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸோ, கருவிகளை மாத்திரம் நம்பி மேகத்தினுள் பறக்கும் தகுதியுடன் கூடிய கமர்ஷியல் லைசென்ஸோ இருந்தால், கீழ்ப் படிகளை விடுத்து நேரே உச்சிப் படிக்கு மனுச் செய்யலாம். அந்த லைசென்ஸ் இன்ன எல்லைக்குள் மாத்திரம் செல்லும் என்ற பூகோளக் கட்டுப்பாடு உடையதாயிருக்கக் கூடாது. இச்சர்ட்டிபிகேட்டைப் பெற்றவருக்குக் கமர்ஷியல் விமானியின் உரிமைகளும் உடன் வந்துவிடும்.

மற்ற நிபந்தனைகள் வருமாறு: வயது 23 நிறைந்திருக்க வேண்டும். இங்கிலீஷைப் படிக்கவும் பேசவும் எழுதவும் புரிந்துகொள்ளவும் வேண்டும். நன்னடக்கை உடையவராயிருக்க வேண்டும். கீழ்ப் படிகளுக்கு இல்லாத இந்நிபந்தனை உச்சிப் படிக்கு மாத்திரம் விதிக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. கேப்டனாகப் பணியாற்ற முதல் வகுப்பு வைத்திய சர்ட்டிபிகேட் வேண்டும். 40 வயதுக்கு உட்பட்டோர் 12 மாதத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டோர் 6 மாதத்துக்கு ஒரு முறையும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

ஐம்பது உயிர்கள் எழுதிய சட்டம்

பல எஞ்சின் விமானத்துக்கு இச்சர்ட்டிபிகேட்டைக் கோருவோர், எழுத்துப் பரீட்சைக்கு உட்காருமுன்பே ஒரு பயிற்சியை முடித்துச் சான்று பெற வேண்டும். இந்த விதி பிறந்த வரலாறு துயரமானது.

2009-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி இரவு, நூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் கம்பெனியின் 3407-ஆம் விமானம், இறங்குவதற்குச் சற்று முன்னர் வேகம் குறைந்து, தூக்கும் சக்தியை இழந்து, ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். எச்சரிக்கைக் கருவி அதிர்ந்தபோது விமானத்தின் முகத்தைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கேப்டன் மேலே இழுத்தார் என்று விசாரணையில் வெளியாயிற்று. இறந்தோரின் குடும்பத்தார் வாஷிங்டனில் விடாது போராடினர். அதன் பயனாக 2010 ஆகஸ்டு 1-ந் தேதி ஒரு சட்டம் பிறந்தது. 2013-இல் அதன்கீழ் விதிகள் வெளியாயின. அதுவரை கமர்ஷியல் சர்ட்டிபிகேட்டுடன் துணை விமானியாக அமர்ந்து வந்தவர்களும் இனி உச்சிப் படிச் சர்ட்டிபிகேட்டை அடைந்தே பிரயாணி விமானத்தில் அமர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. எழுத்துப் பரீட்சைக்கு முன் பயிற்சி என்ற நிபந்தனை 2014 ஜூலைக்குப் பின் அமலுக்கு வந்தது.

பயிற்சி 30 மணி வகுப்பும் 10 மணி சிமுலேட்டரும் கொண்டது. வகுப்பில் 8 மணி விமானம் காற்றில் மிதக்கும் தத்துவம், 2 மணி வானிலை, 14 மணி விமானக் கம்பெனிகளின் நடைமுறை, 6 மணி தலைமைப் பண்பும் சக விமானிகளோடு ஒத்துழைக்கும் முறையும் போதிக்கப்படுகின்றன. சிமுலேட்டரில் 6 மணியேனும், 40,000 ராத்தல் அல்லது அதற்கு மேற்பட்ட எடையுள்ள விமானத்தை அப்படியே ஒத்து அசையும் உயர்தர யந்திரத்தில் கழிய வேண்டும். தூக்கும் சக்தியை இழந்த விமானத்தை மீட்பது அங்கே பழக்கப்படுகிறது. இதற்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். அயல்நாட்டில் எத்தனை வருஷம் கேப்டனாயிருந்தவரும் பொது விதியின்கீழ் இதினின்று தப்ப முடியாது.

மணிக் கணக்கு

மொத்தம் 1,500 மணி பறந்திருக்க வேண்டும். அதில் 500 மணி தூரப் பிரயாணமும், 100 மணி இரவுப் பறப்பும், 75 மணி கருவிப் பறப்பும் இருக்க வேண்டும். பரீட்சை எழுதும் விமான வகுப்பில் 50 மணி வேண்டும். 250 மணி கேப்டனாகவோ, கேப்டனின் மேற்பார்வையில் கேப்டனின் கடமைகளைச் செய்த துணை விமானியாகவோ பறந்திருக்க வேண்டும். அந்த 250-இல் 100 மணி தூரப் பிரயாணம், 25 மணி இரவு.

எண்களைக் கண்டு, எம்மிடம் இதைவிட அதிகம் இருக்கிறது என்று பலர் அலட்சியமாயிருக்கக்கூடும். சிக்கல் எண்ணில் இல்லை, சொற்பொருளில் இருக்கிறது. தூரப் பிரயாணம் என்றால் புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேற்பட்டது என்று அமெரிக்க விதி பொருள் கூறுகிறது. இரவு என்றால் மாலை அந்தி வெளிச்சம் முற்றும் மறைந்தது முதல் காலை வெளிச்சம் தோன்றும் வரை. வேறு தேசங்களில் வேறு அளவுகள் வழங்குகின்றன. எனவே லாக் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, அமெரிக்கப் பொருளின்படி மறுகணக்கு எழுதி வைத்துக்கொள்வது விவேகம். ஒரே சொல்லுக்கு இரண்டு சட்டங்களில் இரண்டு பொருள் இருப்பது வக்கீல்களுக்குப் புதிதன்று. விமானிகளுக்கு அது மாதக்கணக்கில் காலதாமதத்தையும் பண விரயத்தையும் விளைவிக்கும்.

இங்கே ஒரு வேற்றுமையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க ராணுவ விமானிக்கு 750 மணியும், அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கலாசாலையில் விமானக் கல்வியில் பட்டம் பெற்றோருக்கு 1,000 மணியும் போதுமென்று சலுகை உண்டு. இந்திய விமானப் படையில் போர் விமானம் ஓட்டியவருக்கு அந்த 750 மணிச் சலுகை இல்லை. பஃபலோவில் வீழ்ந்த விமானத்தின் இரு விமானிகளும் 1,500 மணிக்கு மேற் பறந்தவர்களே என்பதையும் நினைவிற் கொண்டால், மணிகளின் தொகை மாத்திரம் பாதுகாப்பின் அளவுகோல் ஆகாது என்பது விளங்கும். எனினும் தம் ஆகாயத்துக்குத் தாமே விதி வகுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த உரிமையை நமக்காகக் கோரிப் பெற்ற நாம் பிறருக்கு அதை மறுக்கலாகாது.

சான்றுக்குச் சான்று

அயல் லைசென்ஸைக் காட்டி மனுச் செய்வோரின் லைசென்ஸ் மெய்யானதா என்பதை ஒக்லஹோமா நகரிலுள்ள அலுவலகம், அதை வழங்கிய சர்க்காரிடமே எழுதிக் கேட்கிறது. பதில் வந்த பின்னரே காரியம் நடக்கும். நமது சிவில் விமான டைரெக்டர் ஜெனரல் காரியாலயத்தில் காகிதம் எத்தனை நாள் உறங்குகிறதோ, அத்தனை நாள் விமானியும் காத்திருக்க வேண்டியவரே.

இவ்வளவு சந்தேகம் ஏன் என்று கேட்பதற்கு முன், அண்டை நாட்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2020 ஜூன் மாதத்தில் பாகிஸ்தானத்தின் விமான மந்திரி, தம் நாட்டு விமானிகள் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று பார்லிமெண்டில் அறிவித்தார். உடனே பல தேசங்கள் பாகிஸ்தானிய விமானிகளைப் பறக்கவொட்டாது நிறுத்தின. ஜூலையில் அமெரிக்கா அந்நாட்டின் பாதுகாப்புத் தரத்தைத் தாழ்த்தியது. சந்தேகிக்கப்பட்டோரிற் பலருடைய லைசென்ஸ் செம்மையானதே என்று பின்னர்ச் சொல்லப்பட்டபோதிலும், விழுந்த கறை எளிதில் நீங்கவில்லை. நாமும் கர்வங்கொள்வதற்கில்லை. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் பெற்றதாக இந்திய விமானிகள் சிலர் கைது செய்யப்பட்டனர். நமது மேற்பார்வை போதாதென்று 2014 ஜனவரியில் அமெரிக்கா நம்மையும் இரண்டாந் தரத்தில் தள்ளியது. 2015 ஏப்ரலில்தான் முதல் தரம் திரும்பியது. ஒருவர் கள்ள நாணயம் அடித்தால் ஊரார் அனைவருடைய பணப்பையையும் கடைக்காரர் சந்தேகிப்பார் அன்றோ?

2001 செப்டம்பர் 11-ந் தேதிக்குப் பின் மற்றொரு சோதனையும் சேர்ந்தது. 12,500 ராத்தலுக்கு மேற்பட்ட விமானத்தில் பயிற்சி பெற விரும்பும் அன்னியர், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் கைரேகை கொடுத்துப் பூர்வோத்தரம் விசாரிக்கப்பட்ட பின்னரே சிமுலேட்டரில் அமரலாம். அமெரிக்காவில் விலாசம் இல்லாத சர்ட்டிபிகேட்தாரர், சர்க்காரின் நோட்டீசுகளைப் பெற்றுக்கொள்ள அந்நாட்டில் ஓர் ஏஜெண்டை நியமிக்க வேண்டுமென்ற விதி 2025 முதல் அமலில் இருக்கிறது.

சர்ட்டிபிகேட் வேறு, உத்தியோகம் வேறு

எல்லாப் பரீட்சைகளையும் தேறி, 120 நாள் செல்லும் தற்காலிகப் பத்திரமும் பின்னர் நிரந்தரப் பத்திரமும் பெற்றாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காலாவதி கிடையாது. ஆயினும் அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமையை அது தராது. அது குடியேற்றச் சட்டத்தின் விஷயம். ஆஸ்திரேலியப் பிரஜைகளுக்கென 2005-இல் ஏற்பட்ட தனி விசாவைக் கொண்டு அந்நாட்டு விமானிகள் சிலர் அமெரிக்கச் சிறு கம்பெனிகளிற் சேர்ந்தனர். இந்தியருக்கு அத்தகைய வாயில் இல்லை. நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெற்றவர்களுக்கும், அதைப் பெறும் நிலையில் உள்ளவர்களுக்குமே இந்தச் செலவு பலன் தரும். மற்றவர்கள் முதலில் விசா, பிறகு சர்ட்டிபிகேட் என்ற வரிசையை மறவாதிருத்தல் நலம். இதை மறைத்து விளம்பரம் செய்வோரின் பேச்சுக்குச் செவி கொடுத்தல் ஆகாது.

நாம் செய்ய வேண்டுவது

அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் ஒரு பிரிவு உண்டு. அன்னியருக்கு விமானி சர்ட்டிபிகேட் வழங்குவதைக் கட்டுப்படுத்தவும், மறுக்கவும், அவருடைய தேசத்துடன் பரஸ்பர ஒப்பந்தம் இருந்தாலொழிய வழங்காதிருக்கவும் அது நிர்வாகிக்கு அதிகாரம் அளிக்கிறது. பரஸ்பரம் என்ற இச்சொல்லே நாம் பற்றிக்கொள்ளத்தக்கது. கனடா 2006-இல் அமெரிக்காவுடன் லைசென்ஸ் பற்றிய நடைமுறை உடன்பாடு செய்துகொண்டது. அதன் பயனாகக் கனடிய விமானி, உச்சிப் படி வரையில் சுருங்கிய முறையில் அமெரிக்கச் சர்ட்டிபிகேட்டைப் பெறுகிறார். ஐரோப்பிய ஐக்கியமும் 2021-இல் தனியார் விமானி அளவில் அவ்வாறு ஓர் ஏற்பாட்டைப் பெற்றது. நமக்கும் அமெரிக்காவுக்கும் 2011-இல் ஏற்பட்ட விமானப் பாதுகாப்பு ஒப்பந்தம் யந்திரங்களின் தகுதியைப் பற்றியதாக நின்றுவிட்டது. யந்திரத்தின் உறுப்பை ஏற்கும் ஒப்பந்தம், அதை ஓட்டும் மனிதரைப் பற்றி ஏன் மௌனம் சாதிக்க வேண்டும்?

நமது கம்பெனிகளுக்குக் கேப்டன்கள் போதாதபோது, அயல்நாட்டு லைசென்ஸ் உடையோருக்கு நமது சர்க்கார் தற்காலிக அனுமதி கொடுத்துச் சம்பளத்துக்குப் பறக்க விடுகிறது. அமெரிக்காவிற் பயின்று திரும்பும் இந்திய வாலிபரோ, இந்திய லைசென்ஸுக்காக மறுபடியும் பரீட்சை எழுதி, இந்திய வைத்தியப் பரிசோதனையிலும் தேற வேண்டியிருக்கிறது. அன்னியருக்குச் சலுகையும் சொந்தப் பிள்ளைக்குக் கண்டிப்பும் என்ற நிலையை வைத்துக்கொண்டு, பேரம் பேசும் மேஜையில் நாம் வெறுங்கையுடன் உட்காரலாகாது. நாம் கொடுக்கும் சலுகையைக் காட்டியே நமக்குரிய சலுகையைக் கேட்க வேண்டும்.

ஆனால் ஒப்பந்தம் கேட்கும் வாய்க்கு முன்னதாக நமது வீடு சுத்தமாயிருக்க வேண்டும். பரீட்சைகள் களங்கமற்று நடத்தப்படவும், பறக்காத மணிகளை லாக் புத்தகத்தில் எழுதும் பயிற்சிக் கழகங்கள் தயவின்றி மூடப்படவும், ஒக்லஹோமாவிலிருந்து வரும் விசாரணைக் கடிதத்துக்கு நாட்கணக்கில் பதில் அனுப்பப்படவும் வேண்டும். இம்மூன்றையும் செய்ய எந்த அன்னிய சர்க்காரின் சம்மதமும் தேவையில்லை. பார்லிமெண்டிலுள்ள நமது பிரதிநிதிகள் இவற்றைக் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டுமென்றும், தொண்டர்களும் வாசகர்களும் அவர்களை எழுப்பத் தூண்ட வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம். இந்திய முத்திரையைக் கண்டவுடன் சுண்டிப் பாராமலே வாங்கிக்கொள்ளும் நாள் வர வேண்டும். அதற்குரிய உலையும் அச்சும் நம் கையிலேயே இருக்கின்றன.